கறை தெரியுமுன்

என் மகள் பிறந்த மறுநாள் ஓர் இளம் பெண் டாக்டர் என் கட்டிலருகே வந்து நின்று, குழந்தையின் ரத்தத்தில் சில சொட்டுகளை ஆராய்ச்சிக்குத் தர முடியுமா என்று கேட்டார். கேட்ட விதத்தில் மரியாதைக்குக் குறைவில்லை. எனக்குத்தான் மரியாதை வரவில்லை. “அவ உடம்புல இருக்கிறதே அவ்வளவுதான், அதுலயும் பங்கா?” என்று முதலில் தமிழில் முணுமுணுத்துவிட்டு, பிறகு ஆங்கிலத்தில் கொஞ்சம் பதமாகச் சொன்னேன். அவர் சீனப் பெண். தமிழ் புரியாவிட்டாலும் என் முகம் அவருக்குப் புரிந்திருக்கும்.

நான் சொன்னது பொய்யில்லை. ஏழாம் மாதம் தொடங்குவதற்குள் எனக்கு ரத்த அழுத்தம் எகிறி, அவசர அறுவை செய்து அவளை வெளியே எடுத்திருந்தார்கள். வளைகாப்புக்கு என்று தேக்கா கடைத்தெருவில் எடுத்த புடவைக்கு ரவிக்கைகூடத் தைத்து வரவில்லை. ஒரு கிலோவுக்கும் குறைவான உடம்பு. அதில் ஓடும் ரத்தம் மொத்தத்தையும் சேர்த்தால் ஒரு சின்னக் காப்பிக் கோப்பை நிரம்பாது என்று ஒரு நர்ஸ் என்னிடம் சொல்லியிருந்தார். எதற்காகச் சொன்னாரோ தெரியாது. அன்று காலை காப்பி கொண்டுவந்து வைத்தபோது நான் அதைத் தொடவில்லை.

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விளக்கினார். இவ்வளவு சீக்கிரம் பிறந்த பிள்ளைகளுக்கு மூளைக்குள் இருக்கும் ரத்தக்குழாய்கள் மிகவும் மெலிசு. முதல் சில நாட்களில் அவை உடைந்து ரத்தம் கசியக்கூடும். இப்போதைக்குத் தலையை ஸ்கேன் செய்துதான் கண்டுபிடிக்கிறார்கள். ரத்தம் கசிந்து தேங்கிய பிறகுதான் ஸ்கேனில் தெரியும். ஆனால் மூளையில் காயம் படும்போது அங்கேயே இருக்க வேண்டிய சில புரதங்கள் வெளியேறி உடம்பின் ரத்தத்தில் கலக்கின்றன. அவற்றை அளந்து பார்த்தால், ஸ்கேன் காட்டுவதற்கு முன்பே ஆபத்தை அறிய முடியுமா என்பதுதான் அவர்களுடைய ஆராய்ச்சி. தனியாக ஊசி குத்த மாட்டார்கள். வழக்கமான பரிசோதனைக்கு எடுக்கும்போது கூடவே சில சொட்டு.

எனக்கு இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு தேவைப்படவில்லை. அடுக்குமாடி வீடுகளில் மேல்வீட்டுக் குளியலறையிலிருந்து கீழ்வீட்டுக் கூரைக்குத் தண்ணீர் இறங்குகிறது என்று வரும் புகார்களைக் கவனிப்பதுதான் என் வேலை. நேற்றுவரை ஒன்றுமில்லை, இன்று காலையில்தான் கறை தெரிந்தது என்று எல்லாரும் சொல்வார்கள். கறை கண்ணுக்குத் தெரியும்போது கசிவு தொடங்கி எத்தனையோ நாளாகியிருக்கும். அதைச் சொன்னால் என்னிடம்தான் கோபித்துக்கொள்வார்கள்.

ரிசல்ட்டை எனக்கு எப்போது சொல்வீர்கள் என்று கேட்டேன். சொல்ல மாட்டோம் என்றார். நிறையக் குழந்தைகளின் ரத்தம் சேரும்வரை உறைய வைத்திருந்து, பிறகு மொத்தமாகத்தான் பரிசோதிப்பார்களாம். அதற்கு ஒரு வருடமும் ஆகலாம், மேலும் ஆகலாம். எனக்குத் தையல் போட்ட இடம் சுரீரென்று வலிக்கும் அளவுக்குக் கோபம் வந்தது. என் பிள்ளையின் தலைக்குள் என்ன நடக்கிறது என்ற பதில் உங்கள் ஃப்ரீசரில் இருக்கும், நான் வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா என்று கேட்டேன். அவர் தலைகுனியவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. எந்த எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்பது எங்களுக்கே இன்னும் தெரியாது, தெரியாத ஒன்றைச் சொல்லி உங்களைப் பயமுறுத்த முடியாது என்றார்.

அந்தப் பதிலுக்காகத்தான் கையெழுத்துப் போட்டேன். பிரசவத்துக்குப் பிறகு என்னிடம் வந்து பேசியவர்களில் தெரியாததைத் தெரியாது என்று சொன்ன ஒரே ஆள் அவர். என் கணவருக்கு இதில் இஷ்டமில்லை. அவர் துவாஸில் ஒரு கப்பல் பட்டறையில் சூப்பர்வைசர். இரும்புப் பாளங்களைக் கிரேன் தூக்கும்போது கீழே நின்று கவனிப்பவர். எதையும் ஒன்றுக்கு இரண்டு முறை சரிபார்த்துப் பழகியவர், இதில் மட்டும் “எதுக்குத் தேவையில்லாம?” என்று மூன்று முறை கேட்டார்.

அன்று மாலை சக்கர நாற்காலியில் வைத்து என்னைக் குறைமாதப் பிள்ளைகளின் வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். அவளை வைத்திருந்த கண்ணாடிப் பெட்டிக்கு மேல் துணி போர்த்தி இருட்டாக்கியிருந்தார்கள். அவள் தலையை நேராக, நடுவில், இருபுறமும் சுருட்டிய துணி வைத்து நிறுத்தியிருந்தார்கள். முதல் மூன்று நாளைக்குத் தலை ஒருபக்கம் சாயக்கூடாது, சாய்ந்தால் மூளையிலிருந்து ரத்தம் இறங்குவது தடைப்படும் என்று நர்ஸ் சொன்னார். டயப்பர் மாற்றும்போதுகூடக் காலை உயரத் தூக்க மாட்டார்களாம். பிள்ளையை வாரி எடுத்து உச்சி மோந்து பார்ப்பது என்று நாம் எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறோம். அந்த உச்சிக்கு அடியில்தான் எல்லா ஆபத்தும் இருந்தது. நான் தும்மினால்கூட அவளுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயந்து மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

தலைக்கு முதல் ஸ்கேன் எடுத்த அன்றுதான் என்னைத் தோ பாயோ வீட்டுக்கு அனுப்பினார்கள். மாலையில் என் கணவர் வார்டிலிருந்து வந்தார். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, “நல்லா இருக்கா. ஸ்கேன் நல்லா இருக்காம்” என்றார். நான் அழுதேன். வீட்டுக்கு வந்தவுடன் சளியும் இருமலும் காய்ச்சலும் சேர்ந்துகொண்டன. இருமிக்கொண்டு வருபவர்களுக்கு அந்த வார்டில் இடமில்லை. ஆக, பாலை மட்டும் எடுத்து ஐஸ் பையில் வைத்துக் கொடுத்து அனுப்பிவிட்டு, அவர் கொண்டுவரும் செய்திக்காக நான் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என்னைப் பார்த்துக்கொள்ள வந்தவர் என் கணவரின் அக்கா. கல்யாணமாகிச் சிங்கப்பூருக்கு வந்து, கேலாங்கில் பல வருடமாக இருக்கிறார். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். எங்கள் இருவருக்கும் ஏழாம் பொருத்தம். நான் ஐஸ் தண்ணீர் குடித்தால் குற்றம், ஃபேன் போட்டால் குற்றம், தலைக்குத் துண்டு கட்டாவிட்டால் பெருங்குற்றம். பச்சை உடம்புக்காரி அடங்கியிருக்க வேண்டும் என்பார். அடங்குவது என் ஜாதகத்திலேயே இல்லை என்று நான் சொல்வேன். தேக்காவிலிருந்து பூண்டும் பால்சுறாவும் வாங்கிக்கொண்டு காலையிலேயே வந்து இறங்கி, என்னைத் திட்டிக்கொண்டே சமைப்பார். அந்தத் திட்டு எனக்குப் பழகியிருந்தது.

திடீரென்று அந்தத் திட்டு நின்றுவிட்டது.

ஒருநாள் நான் அவர் கண்ணெதிரிலேயே ஃப்ரிட்ஜைத் திறந்து, ஐஸ் போட்டு மைலோ கலந்து குடித்தேன். அவர் பார்த்தார். பார்த்துவிட்டு, “இன்னும் கொஞ்சம் பால் ஊத்திக்கம்மா” என்றார். அம்மாவாம். மிச்ச மைலோவைத் தொட்டியில் ஊற்றிவிட்டேன்.

அதன் பிறகு நான் எல்லாவற்றையும் கவனிக்கத் தொடங்கினேன். அண்ணி மதியம் சாப்பிடுவதில்லை. வீட்டிலேயே சாப்பிட்டு வந்துட்டேன் என்பார். பத்து மணிக்கு டீ இல்லாவிட்டால் தலைவலிக்கும் என்று சொல்லும் ஆள், சாயங்காலம்வரை தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டிருந்தார். அது விரதம் என்று கண்டுபிடிக்க எனக்கு நேரமாகவில்லை. யாருக்காக என்று கேட்டுவிட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயத்தில் கேட்கவில்லை. என் கணவர் தட்டு கழுவினார். நான் கேட்பதற்கு முன்பே நல்லா இருக்கா என்றார், கேட்ட பிறகும் அதையே சொன்னார். எத்தனை கிராம் கூடியிருக்கிறாள் என்று கேட்டால் சொல்வார். மூச்சுக்கருவி எப்படி என்றால் அதையும் சொல்வார். தலையைப் பற்றிக் கேட்டால் மட்டும் பால் பையைத் தேடிக்கொண்டு சமையலறைக்குப் போய்விடுவார்.

தினமும் எனக்குப் படம் அனுப்பிக்கொண்டிருந்தார். ஒரு கால். ஒரு கை. அவருடைய சுண்டுவிரலைப் பிடித்திருக்கும் நாலு விரல்கள். மறுபடியும் கால். முகம் எங்கே என்று கேட்டால், துணி போர்த்தியிருக்காங்க, வெளிச்சம் பத்தல என்பார். ஒரு வாரப் படங்களையும் வரிசையாகத் தள்ளிப் பார்த்தேன். என் பிள்ளைக்குக் கழுத்துக்கு மேல் ஒன்றுமே இல்லாதது போல இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற திறமை எங்கள் வீட்டு ஆண்களுக்குக் கிடையாது.

அந்த நாட்களில் எனக்கு இருந்த பயத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. என்ன என்று தெரிந்த பயத்துக்கு ஓர் அளவு உண்டு. இது எந்த நேரமும் வளர்ந்துகொண்டே இருந்தது. பால் எடுக்கும் இயந்திரத்தின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே, அவளுக்குக் கண் போய்விட்டது என்று நினைப்பேன். அடுத்த நிமிடம், இல்லை, அவளே போய்விட்டாள், எனக்குச் சொல்லாமல் பாலை வாங்கிக்கொண்டு போகிறார்கள் என்று தோன்றும். அந்த டாக்டரின் ஃப்ரீசர் நினைவுக்கு வரும். எங்கோ ஒரு கட்டடத்தில், ஒரு சின்னக் குப்பியில், எனக்கு வேண்டிய பதில் உறைந்து கிடக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. என் வீட்டிலோ, பதில் தெரிந்த இரண்டு பேர் என்னைச் சுற்றி நடந்துகொண்டிருக்கிறார்கள், ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

ஒரு காலையில் அண்ணி கீழே குப்பை போடப் போயிருந்த நேரத்தில் நானே வார்டுக்குப் போன் செய்தேன். நர்ஸ் என் அடையாள எண்ணைச் சரிபார்த்துவிட்டு வார்டு டாக்டரிடம் போனைக் கொடுத்தார். டாக்டர் பாவம், எனக்கு எல்லாம் தெரியும் என்றே நினைத்துக்கொண்டார். உங்கள் கணவரிடம் சொன்னது போல என்று ஆரம்பித்தார். வலப்பக்கம் ரத்தம் கசிந்து, மூளைக்குள் நீர் இருக்கும் அறைக்குள் இறங்கியிருக்கிறது. முதல் ஸ்கேனிலேயே தெரிந்தது. இப்போது பார்க்க வேண்டியது, அந்த அறை வீங்குகிறதா என்பதுதான். வீங்கினால் ஊசி போட்டு நீரை எடுக்க வேண்டிவரும். நான் சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு, ஆமாம், ஆமாம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். போனை வைத்த பிறகும் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அண்ணி உள்ளே வந்தபோது நான் கத்திய கத்து எதிர்வீட்டு மலாய்க்கார அம்மாவைக் கதவுக்கு வெளியே கொண்டுவந்துவிட்டது. என் பிள்ளையை என்னிடமிருந்து மறைக்க நீங்கள் யார் என்று கேட்டேன். இன்னும் நிறையக் கேட்டேன், அவற்றை எழுத வேண்டாம். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோதுதான் அண்ணி சொன்னார்.

“அதிர்ச்சி தாங்காம உனக்குப் பால் வத்திப்போச்சுன்னா? அவளுக்கு நம்மால குடுக்க முடிஞ்சது அது ஒண்ணுதான். அதையும் கெடுத்துட்டா நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவளைப் பாக்குறது?”

சொல்லிவிட்டு, அடுப்பில் வைத்திருந்த பூண்டுக்குழம்பைப் போய்க் கிண்டினார். எனக்குக் கோபம் தீரவில்லை. ஆனால் அதை இறக்கி வைக்க இடமில்லாமல் போய்விட்டது.

இதைப் படிக்கும் உங்களுக்கு நான் அதையே செய்யப் போவதில்லை. கடைசிவரை மறைத்து வைத்துச் சொல்லும் கதைகள் எனக்குப் பிடிக்காது. என் மகள் உயிரோடு இருக்கிறாள். கண் தெரிகிறது. வாய் என்னைப் போல. இடது குதிகால் தரையில் சரியாகப் பதியாது, ஓடும்போது கொஞ்சம் இழுக்கும், அதற்குப் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருக்கிறோம். இது இப்போது எனக்குத் தெரியும். அப்போது எனக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது.

காய்ச்சல் விட்டு வார்டுக்குப் போனதும் முதலில் அவள் தலையைத்தான் பார்த்தேன். வெளியில் ஒன்றுமில்லை. பட்டுப்போல மயிர், ஓர் ஆரஞ்சுப் பழத்தைவிடச் சின்னத் தலை. நர்ஸ் தினமும் காகித டேப் வைத்து அதைச் சுற்றி அளப்பார். அவர் டேப்பைச் சுருட்டும்போது நான் அவர் கண்ணைத்தான் பார்ப்பேன். ஒரு நூல் கூடினாலும் இன்னொரு முறை அளக்கச் சொல்வேன். பிள்ளை வளர்ந்தால் தலையும் வளரும்லா அக்கா, எல்லாத்துக்கும் பயப்படாதீங்க என்று அவர் சொல்வார். வளர்கிறாளா, வீங்குகிறாளா என்று தெரியாமல் ஒரு தாய் எப்படிச் சந்தோஷப்படுவது?

வார்டு வாசலில் அந்த ஆராய்ச்சி டாக்டரை ஒருநாள் பிடித்துக்கொண்டேன். அந்தக் குப்பியை எடுத்து இப்போதே பாருங்கள் என்றேன். கேட்டதில் அர்த்தமில்லை என்று எனக்கும் தெரியும். கசிவு நடந்து முடிந்துவிட்டது, இனி அந்த ரத்தம் எதைச் சொல்லி என்ன. அவர் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நின்று கேட்டார். பார்க்க முடியாது என்பதைத் திரும்பவும் சொன்னார். பிறகு, இன்னும் சில வருடம் கழித்து உங்களைப் போல ஒருவர் கேட்டால் என்னால் பதில் சொல்ல முடிய வேண்டும், அதற்காகத்தான் இதெல்லாம் என்றார். யாரோ ஒரு வருங்காலத் தாயின் மேல் எனக்கு அன்று பொறாமைதான் வந்தது, புண்ணியம் செய்த நிம்மதி எல்லாம் வரவில்லை.

அடுத்த ஸ்கேன் ஒரு வேலைநாளில் வந்தது. பட்டறையில் அன்று கிரேனில் ஒரு பெரிய தூக்கு வேலை, என் கணவரால் லீவு எடுக்க முடியவில்லை. நான் மட்டும் இருந்தேன். ஸ்கேன் எடுத்தவர் கருவியை அவள் உச்சியில் வைத்து, திரையில் ஏதோ ஒன்றைத் திரும்பத் திரும்ப அளந்தார். பிறகு வார்டு டாக்டர் வந்தார். வலப்பக்க அறை பெரிதாகியிருக்கிறது என்றார். இடப்பக்கமும் கொஞ்சம். இன்னும் இரண்டு நாள் பார்ப்போம், நிற்காவிட்டால் ஊசி, அதற்கும் நிற்காவிட்டால் அறுவை. நான் புரிகிறது என்றேன். எனக்குப் புரிந்தது ஒன்றுதான், அவள் தலைக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது.

அப்போதுதான் என் கைப்பேசி அதிர்ந்தது. அவர்தான். பின்னால் இரும்பு மோதும் சத்தமும், யாரோ வங்காள மொழியில் கத்துவதும் கேட்டது. தூக்கு வேலை இன்னும் தொடங்கவில்லை, அதற்குள் கேட்டுவிடலாம் என்று கூப்பிட்டேன் என்றார். ஸ்கேன் என்ன ஆச்சு?

ஒரு வீடு அளவு இரும்புப் பாளம் ஆட்களின் தலைக்கு மேலே நகரப்போகிறது. அதற்குக் கீழே நின்று மேலே பார்க்க வேண்டிய ஆள் அவர். அவருடைய கவனம் ஒரு நொடி தவறினால் என்ன ஆகும் என்று அவரே எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். என் வாய் திறந்தது.

“நல்லா இருக்கா. தூங்குறா. நீங்க பத்திரமா வேலையப் பாருங்க.”

சரி என்று வைத்துவிட்டார். நான் பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து, என் வாயிலிருந்தா அது வந்தது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அண்ணியை நினைத்தேன். நினைக்கப் பிடிக்கவில்லை.

மதியம் தாண்டி, வார்டுக் கதவருகே யாரோ கை கழுவிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். நீல வேலையுடுப்பு, முழங்காலில் கிரீஸ், கனத்த பூட்ஸின் மேல் மருத்துவமனையின் பிளாஸ்டிக் உறை. என் கணவர். துவாஸிலிருந்து டாக்சியில் வந்திருந்தார், அவர் டாக்சியில் ஏறி நான் பார்த்ததே இல்லை. நேராகப் பெட்டியிடம் வந்து, குனிந்து, துணியை விலக்கி அவள் முகத்தைப் பார்த்தார். என்னைப் பார்க்காமலே கேட்டார்.

“எவ்வளவு பெருசாயிருக்கு?”

யார் சொன்னது என்று கேட்டேன்.

“நீதான். பத்திரமா வேலையப் பாருங்கன்னு சொன்னியே. எத்தனை வருசத்துல நீ என்கிட்ட அப்படிப் பேசியிருக்க? தூக்கி இறக்கி வைக்கிற வரைக்கும் மேலயே பாத்துக்கிட்டு நின்னேன். இறக்கினதும் சொல்லிட்டு வந்துட்டேன்.”

நான் எல்லாவற்றையும் சொன்னேன். வலப்பக்கம், இடப்பக்கம், இரண்டு நாள், ஊசி, அறுவை. எதையும் குறைக்கவில்லை. அவர் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை கேட்டார். நல்லா ஆயிடுவா என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொன்னால் அங்கேயே சண்டை பிடிக்கத் தயாராக இருந்தேன்.

“எனக்குப் பயமா இருக்கு” என்றார்.

அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் அதற்குமுன் கேட்டதில்லை. எனக்கும்தான் என்றேன். இரண்டாவது நாற்காலி இல்லாததால் அவர் நின்றுகொண்டே இருந்தார், நானும் எழுந்து அவர் பக்கத்தில் நின்றேன்.